ஊசியும் நூலும் ஆறரை ஆண்டுகளும்

2025 செப்டம்பர் 4, இந்திய நேரம் இரவு ஏழரை மணி. ஒரு வீடியோ கேம் விற்பனைக்கு வந்தது; வந்த வேகத்தில் கடைகள் படுத்துவிட்டன. கணினி கேம்களுக்கு உலகிலேயே பெரிய இணையக் கடையான ஸ்டீமில் பணம் கட்டப் போனவர்களுக்குப் பிழைச் செய்திதான் கிடைத்தது. நின்டெண்டோ, பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் கடைகளிலும் இதே திணறல். வாங்கவே முடியாதவர்கள் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். நிலைமை சீரானபோது ஸ்டீமில் மட்டும் ஒரே நேரத்தில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்தக் கேமுக்குள் இருந்தார்கள்.

ஆயிரம் பேர் உழைத்து, கோடிக்கணக்கான டாலர் விளம்பரம் செய்து இறக்கிய கேம் என்றால் இதில் வியப்பில்லை. வந்ததோ, ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் கையால் வரைந்து செய்த இருபரிமாண கேம். விலை 20 டாலர். பெயர் 'ஹாலோ நைட்: சில்க்சாங்'. செய்த நிறுவனம் டீம் செர்ரி. முதல் அறிவிப்புக்கும் இந்த இரவுக்கும் இடையில் ஓடியிருந்தவை ஆறரை ஆண்டுகளுக்கும் மேல். நாளாகச் சொன்னால் 2,394.

அந்த நாட்களில் பெரும்பாலானவற்றில் எதுவுமே நடக்கவில்லை. கேம் வராத காலத்தில் அதைச் சுற்றி வளர்ந்த கதை, கேமின் கதையைவிட நீளம். அந்தக் கதையின் வேர் ஒரு பழைய கடனில் இருக்கிறது. முதல் கேம் உருவாவதற்கு முன்பே, அதற்கு முன்பணம் கொடுத்தவர்களிடம், இலக்கைத் தாண்டிப் பணம் சேர்ந்தால் ஆடுவதற்கு இன்னொரு பாத்திரம் தருகிறோம் என்று ஒரு வாக்குக் கொடுக்கப்பட்டது. அந்த வாக்கின் பெயர்தான் பின்னாளில் ஹார்னெட்: சிவப்பு மேலாடை, வெள்ளை முகமூடி, கையில் நீண்ட ஊசி, ஊசியின் காதில் நூல்.

*

ஏரி கிப்சன் அனிமேஷன் கலைஞர். வில்லியம் பெல்லன் கேம் வடிவமைப்பில் பித்துக்கொண்டவர். டீம் செர்ரியின் நிறுவனர்களான இருவரும் அடிலெய்டுக்காரர்கள். 2013 ஆகஸ்டில் 'லூடம் டேர்' என்ற போட்டிக்காக ஒரு சின்னக் கேம் செய்தார்கள். ஒரு வார இறுதிக்குள், கொடுத்த தலைப்பில் ஒரு கேமைச் செய்து முடிக்க வேண்டும் என்பது அந்தப் போட்டியின் விதி. அந்த முறை தலைப்பு 'பத்து நொடிகள்'. கொம்பு வைத்த வெள்ளை முகத்தோடு ஒரு குட்டிப் படைவீரன் பூச்சிகளைக் கொன்று செர்ரிப் பழம் தின்றுகொண்டே இருக்க வேண்டும். பத்து நொடி பழம் கிடைக்காவிட்டால் பட்டினியில் சாவான். 'ஹங்ரி நைட்' என்ற அந்தக் கேமைப் பெரிதாக யாரும் கொண்டாடவில்லை. ஆனால் அந்த வெள்ளை முகம் மட்டும் தங்கிவிட்டது.

அடுத்த ஆண்டு அதே போட்டியில் 'மேற்பரப்புக்குக் கீழே' என்றொரு தலைப்பு வந்தது. கெடுவுக்குள் அவர்களால் முடிக்க முடியவில்லை. (பின்னால் நடந்ததைப் பார்க்கையில் இதை ஒரு சகுனம் என்றே சொல்லலாம்.) ஆனால் மண்ணுக்கடியில் அழிந்து கிடக்கும் ஒரு பூச்சி ராஜ்ஜியம், அதற்குள் இறங்கும் அந்தக் குட்டி வீரன் என்று கற்பனை விரிந்தது. 2014 நவம்பரில் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் பொதுமக்களிடம் பணம் திரட்டக் கிளம்பினார்கள். கேட்டது 35,000 ஆஸ்திரேலிய டாலர். 2,158 பேர் சேர்ந்து 57,138 டாலர் கொடுத்தார்கள்.

இப்படிப் பணம் திரட்டுகிறவர்கள் எல்லோரும் கூடுதல் இலக்குகள் என்று ஒரு பட்டியல் போடுவது வழக்கம். இவ்வளவு சேர்ந்தால் கூடுதலாக ஒரு நிலப்பகுதி, இவ்வளவு சேர்ந்தால் கூடுதலாகச் சில எதிரிகள் என்று படிப்படியாக ஏறும். எழுதும்போது ஒரு வரிதான்; செய்யும்போதுதான் அதன் கனம் தெரியும். 'ஷவல் நைட்' என்ற அமெரிக்கக் கேம் 2013இல் இதே முறையில் பணம் திரட்டி 2014இல் வெளியானது. பட்டியலில் எழுதிய கூடுதல் பாத்திரங்களை எல்லாம் கொடுத்து முடித்தபோது 2019 டிசம்பர் ஆகிவிட்டது. டீம் செர்ரியின் பட்டியலிலும் அப்படி ஒரு வரி இருந்தது: ஆடுவதற்கு இரண்டாவது பாத்திரம். பணம் அந்தப் படியைத் தொட்டது. கடன் பதிவாகிவிட்டது.

*

'ஹாலோ நைட்' 2017 பிப்ரவரி 24 அன்று கணினிக்கு வந்தது. விலை 15 டாலர். முதல் நாளே உலகம் திரும்பிப் பார்த்துவிடவில்லை. ஆடியவர்கள் அடுத்தவர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பரவியது. 2018 ஜூன் 12 அன்று, நின்டெண்டோவின் ஸ்விட்ச் கருவிக்கு இன்றே வருகிறது என்று அறிவித்து அன்றே இறக்கினார்கள். இரண்டே வாரத்தில் அந்தக் கருவியில் மட்டும் 2.5 லட்சம் பிரதிகள் விற்றன. இடையில் நான்கு கூடுதல் பகுதிகளை இலவசமாகவே கொடுத்தார்கள். 2019 தொடக்கத்தில் விற்பனை 28 லட்சம். 2025 ஆகஸ்டில் அது ஒன்றரைக் கோடியாகியிருந்தது.

ஹார்னெட்டை ஆட்டக்காரர்கள் முதலில் சந்தித்தது இந்தக் கேமில்தான், எதிரியாக. பச்சைப் பாசி படர்ந்த 'கிரீன்பாத்' பகுதியில் அவள் முன்னால் ஓடிக்கொண்டே போவாள். சிவப்பு மேலாடையின் ஓரம் மட்டும் கண்ணில் படும். கடைசியில் ஓர் அரங்கில் திரும்பி நிற்பாள். குட்டி வீரன் அவள் தோள் அளவுகூட இல்லை. ஒரு சின்னக் கூச்சல் போடுவாள், ஊசியைக் கிடைமட்டமாக எறிவாள், அது அரங்கைக் குறுக்கே கடந்து நூலோடு அவள் கைக்கே திரும்பும். அந்த நொடி தாண்ட வேண்டும். தாவி மேலே போய் நூலைச் சுற்றிலும் வெடிக்கவிடுவாள். அப்போது விலகி நின்று, அவள் தரைக்கு வரும் நேரம் பார்த்து ஓர் அடி கொடுக்க வேண்டும். பதற்றத்தில் இரண்டாவது அடிக்கு ஆசைப்பட்டால் கதை முடிந்தது. புதிதாக ஆடுபவர்கள் இங்கே சுலபத்தில் தேறுவதில்லை. ஆனால் அவள் அநியாயமாக எதுவும் செய்வதில்லை. ஒவ்வொரு தாக்குதலுக்கும் முன்னறிவிப்பு உண்டு. தோற்றவர்களுக்கு அவள்மேல் கோபம் வரவில்லை, மரியாதை வந்தது. பிறகு கதையில் அவள் யார் என்பது தெரியவந்ததும் — அந்த அழிந்த ராஜ்ஜியத்தின் அரசனுக்கும், ஆழத்தில் வாழும் சிலந்திகளின் அரசிக்கும் பிறந்தவள் — மரியாதை பிரியமாக மாறியது.

எதிரியாக நின்றபோதே ஒருத்தியின் உடல்மொழி முழுக்க ரசிகர்களுக்கு மனப்பாடம். அந்த உடம்பை இனி நாமே இயக்கலாம் என்றால் ஆசை எகிறாதா?

இந்த வகைக் கேமில் கதாநாயகி புதிதும் அல்ல. பக்கவாட்டில் ஓடி, தாவி, சண்டையிட்டு, ஒரு பெரிய வரைபடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டு போகும் இந்த வகைக்கு 'மெட்ராய்ட்வேனியா' என்று பெயர். பாதிப் பெயர் நின்டெண்டோ 1986இல் ஜப்பானில் வெளியிட்ட 'மெட்ராய்ட்' கேமிலிருந்து வந்தது; மீதி கொனாமியின் 'கேசில்வேனியா'விலிருந்து. 'மெட்ராய்ட்' நாயகர் சேமஸ் ஆரன் முழுக்க உலோகக் கவசத்துக்குள் இருப்பவர். ஆடியவர்கள் எல்லோரும் ஆண் என்றே நினைத்தார்கள். கேமை விரைவாக முடித்தவர்களுக்குக் கடைசிக் காட்சியில் கவசம் கழன்றது. உள்ளே இருந்தது பெண். வேகத்துக்குப் பரிசாகப் பெண்ணின் உடம்பைக் காட்டியது இன்றைய கண்ணுக்கு உறுத்தும். ஆனாலும் இந்த வகையின் முதல் வீரர் ஒரு பெண் என்பது வரலாறு. ஹார்னெட் அந்த வரிசையில் வருகிறாள், ஒரு வித்தியாசத்தோடு: அவள் யார் என்பதை மறைத்து வைக்க வேண்டிய தேவை யாருக்கும் இருக்கவில்லை.

*

2019 பிப்ரவரி 14. காதலர் தினத்தன்று டீம் செர்ரி ஒரு டிரெய்லரை வெளியிட்டது. கூடுதல் பாத்திரமாகத் தருவதாகச் சொல்லியிருந்த ஹார்னெட் பகுதி கைக்கு அடங்காமல் வளர்ந்துவிட்டது, எனவே அது தனிக் கேமாகவே வரும் என்றார்கள். ஹார்னெட்டுக்காக முன்பே பணம் கொடுத்தவர்களுக்கு அந்தத் தனிக் கேமும் இலவசம். கடனை வட்டியோடு தீர்க்கிறோம் என்பது இதன் பொருள். எப்போது என்பதை மட்டும் சொல்லவில்லை.

அந்த நேரத்தில் யாருக்கும் அது உறுத்தவில்லை. நான்கு மாதத்தில், ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த இ3 கண்காட்சியில், ஆடிப் பார்க்கும்படியான டெமோவே வைத்திருந்தார்கள். பாசிக் குகை ஒன்று, கொதிக்கும் குழம்பு ஓடும் ஆழத் துறைமுகம் ஒன்று. ஆடியவர்கள் எல்லாம், ஏறக்குறைய முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று எழுதினார்கள். டிசம்பரில் 150க்கும் மேற்பட்ட எதிரிகளை உருவாக்கிவிட்டதாகச் செய்தி வந்தது. அதற்குப் பிறகு பெரும்பாலும் வாய் மூடிக்கொண்டார்கள்.

உள்ளே நடந்தது என்ன என்பதைப் பின்னாளில் அவர்களே சொன்ன பேட்டிகளிலிருந்தும், கையில் கிடைத்த கேமிலிருந்தும் புரிந்துகொள்ள முடிகிறது. சிக்கல், நாயகியின் உடம்பில் தொடங்குகிறது. முதல் கேமின் குட்டி வீரன் சின்ன உருவம், சின்னத் தாவல். ஹார்னெட் உயரமானவள், வேகமானவள், விளிம்பைக் கையால் பற்றி மேலே ஏறுபவள். அவனுக்காகக் கட்டிய அறைகளில் அவளை விட்டால் நான்கே எட்டில் அறை முடிந்துவிடும். எனவே அறைகளைப் பெரிதாக்க வேண்டும். பெரிய அறையில் அசமந்தமான எதிரி நின்றால் அவள் அவனைத் தாண்டிப் போய்விடுவாள். எனவே எதிரிகளும் தாவ வேண்டும், தடுக்க வேண்டும், பின்வாங்கி மறுபடி பாய வேண்டும்.

குணமாவதையே எடுத்துக்கொள்ளலாம். குட்டி வீரன் அடிபட்டால் ஓரிடத்தில் அசையாமல் நின்றுதான் உயிரை ஒவ்வொன்றாக மீட்டுக்கொள்வான். ஹார்னெட் சேர்த்து வைத்த பட்டு நூலை மொத்தமாகச் செலவழித்து, அந்தரத்தில் இருக்கும்போதேகூட, ஒரே இழுப்பில் மூன்று உயிரை மீட்டுவிடுவாள். இப்படி ஒருத்தி எதிரில் இருந்தால் எதிரியின் அடியும் ஒன்றுக்கு இரண்டாக விழ வேண்டியிருக்கிறது. கீழ்நோக்கிய தாக்குதலும் அப்படித்தான். அவன் நேர் கீழே குத்தி, முள்ளின் மேலும் எதிரியின் தலைமேலும் பந்துபோல எகிறுவான். அவளோ தொடக்கத்தில் சாய்வாகத்தான் பாய்வாள். நேராகக் குதித்துப் பழகிய விரல்களுக்கு அந்தச் சாய்வுக் கோணம் பிடிபட வெகுநேரம் எடுக்கும். எனவே தளங்களையும் அந்தக் கோணத்துக்கு ஏற்ப அமைக்க வேண்டும். முதல் கேமில் பயணம் கீழே இறங்குவது. இங்கே 'ஃபார்லூம்' என்ற புதிய நாட்டின் அடிவாரத்திலிருந்து உச்சியிலுள்ள கோட்டைக்கு ஏறுவது. அவன் ஊமை, இவள் பேசுவாள். பேசுகிற நாயகி என்றால் ஊர்க்காரர்கள், உரையாடல்கள், அவர்களின் வேண்டுதல்கள் என்று எழுத்து வேலையும் கூடவே ஏறும்.

ஒன்றை இழுத்தால் இன்னொன்று வரும். கூடுதல் பகுதி முழுக் கேமாக வளர்ந்ததும், முழுக் கேம் முதல் கேமைவிடப் பெரிதாக வளர்ந்ததும் இப்படித்தான். கடைசியில் எதிரிகளின் எண்ணிக்கை 200ஐத் தாண்டியது. பெரும் சண்டைகள் மட்டும் 40க்கு மேல்.

ஆனால் வளர்கிறது என்பதால் மட்டும் ஒரு கேம் ஆறரை ஆண்டு இழுக்காது. நறுக்கு என்று சொல்ல யாராவது இருப்பார்கள். பெரிய நிறுவனங்களில் பதிப்பாளர் இருப்பார், முதலீட்டாளர் இருப்பார், காலாண்டுக் கணக்கு இருக்கும். டீம் செர்ரிக்கு இவர்களில் யாரும் இல்லை. முதல் கேம் விற்றுக் கொட்டிய பணம் மூன்று நான்கு பேருக்குப் பல ஆண்டுகள் தாங்கும். 2025 ஆகஸ்டில் புளூம்பெர்க் செய்தியாளர் ஜேசன் ஷ்ரையரிடம் கிப்சனும் பெல்லனும் பேசியபோது அவர் எதிர்பார்த்திருக்கக்கூடிய சோகக் கதை எதுவும் வரவில்லை. சண்டை இல்லை, வேலையைத் தூக்கிப்போட்டு மறுபடி தொடங்கியதும் இல்லை. செய்வது பிடித்திருந்தது, செய்துகொண்டே இருந்தோம் என்பதுதான் சாரம். கிப்சன் ஒரு கட்டத்தில் படம் கிறுக்குவதையே நிறுத்த வேண்டியிருந்ததாம். எதைக் கிறுக்கினாலும் அதைக் கேமில் சேர்க்கத் தோன்றிவிடுகிறது என்பதால்.

தொழில் வரலாற்றில் இது அபூர்வம். நீண்ட தாமதம் என்றாலே 'டியூக் நியூக்கெம் ஃபாரெவர்' நினைவுக்கு வரும். 1997இல் அறிவித்து, வழக்கு வம்பெல்லாம் நடந்து, செய்த நிறுவனம் சிதைந்து, வேறு கைக்கு மாறி, 2011இல் சப்பென்று வந்து சேர்ந்தது. சில்க்சாங்குக்கு நெருங்கிய உறவு அதுவல்ல. 'கப்ஹெட்' என்ற கனடா நாட்டுக் கேம். அதற்கும் ஒரு கூடுதல் பகுதி, அதற்கும் ஒரு புதிய நாயகி, மிஸ் சாலிஸ். 2018இல் அறிவித்தார்கள், 2019இல் வரும் என்றார்கள், வந்தது 2022 ஜூன் 30. அங்கேயும் எல்லாம் தாளில் கையால் வரைவது. அங்கேயும் முதல் கேம் நன்றாக விற்றிருந்ததால் யாரும் விரட்டவில்லை.

*

இனி வெளியே இருந்தவர்களின் கதை.

செய்பவர்கள் பேசாமலிருந்ததற்கு ஒரு காரணம் சொன்னார்கள். இன்னும் செய்துகொண்டிருக்கிறோம் என்பதைத் தவிரச் சொல்ல ஒன்றும் இல்லை. அதையே மாதாமாதம் சொன்னால் எரிச்சல்தான் வரும். நியாயம்தான். ஆனால் எதுவுமே சொல்லாமலிருந்தால் என்ன வரும் என்பதை அவர்கள் கணித்ததாகத் தெரியவில்லை.

2021 ஜனவரியில் ஒருவர் யூடியூபில் 'தினசரி சில்க்சாங் செய்தி' என்று ஒரு சேனல் தொடங்கினார். இன்று செய்தி எதுவும் இல்லை என்று சொல்வதுதான் செய்தி. நாள் தவறாமல் வந்த அந்தச் சில நொடி வீடியோவைப் பார்க்கவே ஒரு கூட்டம் சேர்ந்தது. நின்டெண்டோ, சோனி, மைக்ரோசாஃப்ட் என்று யார் புதுக் கேம்களை அறிவிக்கும் நிகழ்ச்சி நடத்தினாலும், நேரலைக்குப் பக்கத்தில் ஓடும் அரட்டைப் பெட்டி சில்க்சாங் சில்க்சாங் என்றே நிரம்பி வழிந்தது. நிகழ்ச்சிக்கு முந்தின நாள் ரசிகர்கள் தங்கள் முகப்படங்களில் கோமாளி ஒப்பனை பூசிக்கொள்வார்கள்: இந்த முறையும் ஏமாறத்தான் போகிறோம், தெரிந்தே ஏமாறுகிறோம் என்பதற்கு அடையாளம். செய்தி வரட்டும் என்று நேர்ந்துகொண்டு, இணைய ரசிகர் குழுவிலிருந்து தன்னை நீக்கிவிடும்படி வரிசையில் நின்று பலியானவர்களும் உண்டு. கேலிதான். ஆனால் அந்தக் கேலிக்குள் ஒரு சடங்கின் ஒழுங்கு இருந்தது.

ஸ்டீமில் 'விருப்பப் பட்டியல்' என்று ஒன்று உண்டு. வரவிருக்கும் கேமை அதில் சேர்த்து வைத்தால் வெளியாகும் அன்று தகவல் வரும். உலகில் மிக அதிகம் பேர் விரும்பிச் சேர்த்துவைத்த கேம்களின் வரிசையில் சில்க்சாங் முதலிடத்துக்கு ஏறியது, பெரிய பெரிய நிறுவனங்களின் தலைப்புகளைத் தாண்டி. விளம்பரத்துக்குப் பணம் செலவழிக்காமலே இது நடந்தது. இப்படி ஒரு விற்பனை உத்தியை யாராவது திட்டமிட்டுச் செய்திருந்தால் மேதை என்று கொண்டாடியிருப்பார்கள். இங்கே அது வெறும் அலட்சியத்துக்கும் கூச்சத்துக்கும் நடுவில் தானாக நடந்தது என்பதுதான் வேடிக்கை.

நம்பிக்கை ஒருமுறை உண்மையிலேயே உடைந்தது. 2022 ஜூன் 12 அன்று எக்ஸ்பாக்ஸ் நிகழ்ச்சியில் புது டிரெய்லர் வந்தது. அன்று காட்டிய எல்லாக் கேம்களும் அடுத்த 12 மாதத்துக்குள் ஆடக் கிடைக்கும் என்று மேடையிலேயே சொன்னார்கள். ரசிகர்கள் நாட்காட்டியில் நாளை எண்ணத் தொடங்கினார்கள். 11ஆவது மாதத்தில், 2023 மே மாதம், டீம் செர்ரியின் சார்பில் பேசும் மேத்யூ கிரிஃபின் சில வரிகள் எழுதினார்: ஆண்டின் முதல் பாதியில் வெளியிடத் திட்டமிட்டிருந்தோம், கேம் ரொம்பப் பெரிதாகிவிட்டது, இன்னும் வேலை நடக்கிறது. புதுத் தேதி இல்லை. அதற்குப் பின் மறுபடியும் மௌனம்.

2025 ஜனவரி சம்பவம் இந்தக் காத்திருப்பின் உச்சம் என்று சொல்லலாம். பெல்லன் தன் சமூக ஊடகக் கணக்கின் முகப்படத்தை மாற்றினார். புதிய படம் ஒரு சாக்லெட் கேக். கூடவே, பெரிதாக ஏதோ வருகிறது என்கிற தொனியில் ஒரு வாசகம். அவ்வளவுதான். கேக் எந்த வகை, படம் எங்கிருந்து எடுத்தது, செய்முறை என்ன, அதில் உள்ள எண்கள் எதைக் குறிக்கின்றன என்று ஆயிரக்கணக்கானோர் துப்பறியக் கிளம்பினார்கள். கூட்டிக் கழித்து, நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 நிகழ்ச்சி நடக்கவிருந்த ஏப்ரல் 2ஆம் தேதிக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். இதில் புதிரும் இல்லை மண்ணும் இல்லை என்று கிரிஃபின் சொல்ல வேண்டியதாயிற்று. கேம் உண்மை, வேலை நடக்கிறது, வெளிவரும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். ஏப்ரல் 2 வந்தது. அந்த நிகழ்ச்சியில் சில நொடிகள் ஹார்னெட் தோன்றினாள். கீழே '2025' என்று எழுதியிருந்தது. கேக் துப்பறிவாளர்கள் அன்று அடங்கவில்லை.

அதன்பின் வேகம் பிடித்தது. மெல்பர்னில் உள்ள ஏசிஎம்ஐ அருங்காட்சியகம், செப்டம்பர் 18இல் தொடங்கும் கண்காட்சியில் சில்க்சாங் ஆடக் கிடைக்கும் என்று அறிவித்தது. கேம் வெளிவருமுன்னே அருங்காட்சியகத்துக்குப் போகிறதா என்று கேலி எழுந்தது. ஆகஸ்டில் ஜெர்மனியின் கொலோன் நகரக் கேம்ஸ்காம் விழாவில் டெமோவுக்கு வரிசை நீண்டது. ஆகஸ்ட் 21 அன்று ஒரு சின்ன வீடியோ வந்தது. கடைசியில் தேதி: செப்டம்பர் 4. ஆறரை ஆண்டுக்குப் பிறகு இரண்டே வார முன்னறிவிப்பு.

*

அந்த இரண்டு வாரம் மற்றவர்களுக்குக் கலவரமாகிவிட்டது. செப்டம்பர் முதல் வாரத்தில் கேம் வெளியிடத் தேதி குறித்திருந்த சின்ன நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விலகின. செப்டம்பர் 3க்கு வைத்திருந்த 'டீமன்ஸ்கூல்' நவம்பருக்குத் தள்ளிப்போனது. 'பேபி ஸ்டெப்ஸ்' செப்டம்பர் 8இலிருந்து 23க்குப் போனது. 'குளோவர்பிட்' மாதக் கடைசிக்கு நகர்ந்தது. 'ஏட்டர்னா லூசிஸ்' அடுத்த ஆண்டுக்கே போய்விட்டது. தீபாவளிக்கு ரஜினி படம் வருகிறது என்றால் சின்னப் படங்கள் ஒதுங்கிக்கொள்வது நமக்குப் பழக்கம். ஆனால் இங்கே ஒதுக்கியதும் ஒரு சின்ன நிறுவனம்தான். 'ஹெல் இஸ் அஸ்' என்ற கேமோ அதே செப்டம்பர் 4இல் நின்றது.

இந்தத் துறையில் விமர்சகர்களுக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே பிரதி அனுப்புவது நடைமுறை. டீம் செர்ரி அனுப்பவில்லை. கிக்ஸ்டார்ட்டரில் பணம் கொடுத்துவிட்டு இத்தனை ஆண்டு காத்திருந்தவர்களுக்கு முன்னால் வேறு யாரும் ஆடுவது சரியில்லை என்பது அவர்கள் எண்ணம். அதனால் உலகத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் தொடங்கினார்கள். அடிலெய்டில் அப்போது நள்ளிரவுக்கு அரை மணி நேரம் பாக்கி. அதுவே கடைகள் விழுந்ததற்கும் ஒரு காரணம்: முன்பதிவும் கிடையாது, எனவே வாங்க வேண்டிய அத்தனை பேரும் அதே நிமிடத்தில் வந்து மோதினார்கள்.

ஆடத் தொடங்கியதும் அடுத்த சண்டை ஆரம்பித்தது. கேம் கடினம். கண்டபடி கடினம் என்றார்கள் பலர். தொடக்கத்திலேயே ஓர் அடிக்கு இரண்டு உயிர் போகிறது. செத்தால் பெரும் சண்டை நடக்கும் இடத்துக்கு மறுபடி வெகுதூரம் ஓட வேண்டும். உட்கார்ந்து இளைப்பாறும் பெஞ்சுக்குக்கூட சில இடங்களில் ஜெபமாலை மணிகளைக் கட்டணமாகக் கொடுக்க வேண்டும். இதில் ஒரு நியாயமும் இருக்கிறது, ஒரு கோளாறும் இருக்கிறது. வலிமையான நாயகிக்கு வலிமையான எதிரி வேண்டும் என்ற கணக்கு சரி. ஆனால் கேமைச் செய்தவர்கள் அதற்குள்ளேயே ஆறேழு ஆண்டு வாழ்ந்தவர்கள். அவர்களின் விரலுக்கு எது சுலபம், எது கடினம் என்ற அளவு எப்போதோ நகர்ந்துவிட்டிருக்கும். முதல் வாரமே ஒரு திருத்தப் பதிப்பை அறிவித்து, ஆரம்பக் கட்டத்தின் சில சண்டைகளைத் தணித்தார்கள். சீனாவில் வேறொரு புகார்: மொழிபெயர்ப்பு பழங்கால நடையில் திருகலாக இருக்கிறது என்று ஆட்டக்காரர்கள் ஸ்டீமில் எதிர்மறை மதிப்புரைகளைக் குவித்தார்கள். சரிசெய்கிறோம் என்று பதில் வந்தது. சில பேரை வைத்துக்கொண்டு உலகம் முழுவதற்கும் ஒரே நாளில் விற்பதன் விலை இது.

இவ்வளவுக்கும் நடுவே பெரும்பாலோர் சொன்னது ஒன்றுதான்: காத்திருந்தது வீண்போகவில்லை. டிசம்பர் 11 அன்று நடந்த கேம் அவார்ட்ஸ் விழாவில் ஆக்‌ஷன்-சாகசப் பிரிவில் சில்க்சாங் சிறந்த கேம் என்று தேர்வானது. ஆண்டின் சிறந்த கேம் விருது பிரான்ஸ் நாட்டின் 'கிளேர் அப்ஸ்க்யூர்' கைக்குப் போனது. சில நாட்களில் விற்பனைக் கணக்கு வந்தது. 70 லட்சம் பிரதிகளுக்கு மேல்.

அதே அறிவிப்பில் இன்னொன்றும் இருந்தது. 'சீ ஆஃப் சாரோ' என்ற கூடுதல் பகுதி, கடலை மையமாகக் கொண்டது, எல்லோருக்கும் இலவசம். 2026இல் வரும் என்றார்கள். மாதம் குறிப்பிடவில்லை. முதல் கேமின் நான்கு கூடுதல் பகுதிகள் ஒன்றரை ஆண்டுக்குள் வந்து சேர்ந்தவை. ஐந்தாவதாக வந்திருக்க வேண்டியதுதான் ஹார்னெட் என்பது ரசிகர்களுக்குத் தெரியும். அறிவிப்பு வந்த அன்றே தேதி கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.